நிலக்காட்சியும் அளவுக்கல்லும்

‘நிலக்காட்சி ஓவியத்தில் என்னங்க அரசியல்? மலை, மரம், வானம், அவ்வளவுதானே’ என்பார்கள். அவ்வளவுதானா?

1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கம்பெனிப் படை திப்புவோடு பொருதிய வழியே தெற்கே வந்தார்கள். சங்ககிரி துர்க்கத்தை வரைந்தார்கள். சேலம் சீமை கம்பெனி கைக்குப் போனதும் அதே வருஷந்தான். கூடவே அலெக்சாண்டர் ரீடு, உதவியாளர் தாமஸ் மன்றோவோடு நிலம் அளக்க வந்தார். சித்திரமும் அளவைச் சங்கிலியும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். திணை மரபில் நிலம் என்றால் தெய்வம், உணவு, பறை, தொழில் எல்லாம் சேர்ந்ததுதான். இந்தப் பார்வையோ அதை வெறும் இடமாக்கியது.

2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக அயோத்தியாப்பட்டணம் பக்கத்து வயல்களில் கல் நட்டதும் இதே பார்வைதான். 2019இல் உயர்நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020இல் உச்சநீதிமன்றம் புதிதாகத் தொடங்க வழிவிட்டது.

கித்தானில் செம்மண்ணை ஒட்டிக் ‘கலப்பு ஊடகம்’ என்றால் போதுமா? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைச் செய்தார். தோம்பு, ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதைக் கட்டடக்கலை வரைபடமாக்கினார்கள். கடைசியில் சனாதனனின் பாஸ்டல் சித்திரம். முடிவான சித்திரம் கலைஞருடையதுதான். ஆனால் முதல் கோடு இழந்தவருடையது. கலப்பு என்பது இந்தக் கைகளின் கலப்பு.

அயோத்தியாப்பட்டணத்து நிலத்தை வரையப்போகிறவர் இதை யோசிக்கட்டும். பட்டாக்காரர் கோடு மட்டும் போதுமா? அந்த வயலில் களையெடுக்கப் போகிறவள் கோடு எங்கே?