வடிநிலத்தில் சேரி எங்கே?

சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் மருதையாறு. ஆற்றுக்கு நீலம், நஞ்சைக்குப் பச்சை, தரிசுக்கு மஞ்சள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குச் சாம்பல் நிறம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நீரையும் நிலத்தையும் ஒருசேர வைத்துத் திட்டமிடுவது பற்றிய கூட்டம் அது. நான் எங்க ஊரைத் தேடினேன். இருந்தது. எங்க ஊர் ஏரி இருந்தது. அதன் மதகுகூட ஒரு புள்ளியாக இருந்தது. எங்க தெரு இல்லை. தெரு இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகக் கிடந்தது.

எழுந்து கேட்டேன். மேடையில் இருந்தவர் கோபப்படவில்லை. “ஆயக்கட்டுல உங்களுக்கு நிலம் இருக்காம்மா?” என்றார். இல்லை என்றேன். “இது ஆயக்கட்டுதாரர் கூட்டம்மா. குடிதண்ணிப் பிரச்சினைன்னா பஞ்சாயத்துல மனு குடுங்க” என்றார். பக்கத்தில் இருந்த தோழர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் பொறியாளர் இல்லை, தமிழ் எம்.ஏ. படித்தவள். ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் இல்லவே இல்லை என்று கேட்கத் தெரியும். பாட்டையும் நாவலையும் கேட்கிற அந்தக் கேள்வியை ஆற்றுத் திட்டத்தைக் கேட்டால் என்ன? திட்டமும் பிரதிதானே. நாவல் நம்மை விட்டுவிட்டால் நாம் வேறு நாவல் எழுதிக்கொள்ளலாம். திட்டம் விட்டுவிட்டால் தண்ணி வராது.

முதலில் அந்தப் பிரதியின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001இல் அரியலூரைப் பிரித்து, 2002இல் சேர்த்து, 2007இல் மறுபடி பிரித்தார்கள். மருதையாறு இத்தனைக்கும் நடுவே பெரம்பலூர் மேட்டிலிருந்து இறங்கி அரியலூர் வழியாகக் கொள்ளிடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரம்பலூரின் வடபுறத் தண்ணீர் சின்னாறு வழியாக வெள்ளாற்றுக்குப் போகிறது. தென்புறத் தண்ணீர் காவிரிக் குடும்பத்தைச் சேர்கிறது. மேலே தடுத்தால் கீழே காயும். மேலே மரத்தை வெட்டினால் கீழே ஏரி தூர்ந்து போகும். ஆகவே ஒரு ஆற்றுக்கு வடிகிற நிலம் முழுவதையும் ஒரே உடம்பாகப் பார்க்க வேண்டும் என்பது சரியான அறிவு. தமிழ்நாட்டை 17 ஆற்று வடிநிலங்களாக வகுத்தது இந்த அறிவில்தான். 1995இல் உலக வங்கிக் கடனோடு வந்த நீர்வள ஒருங்கிணைப்புத் திட்டம் பொதுப்பணித் துறையின் நீர்ப் பிரிவையே வடிநில வாரியாக மாற்றி அமைத்தது. 2007இல் இன்னொரு கடனோடு வந்த திட்டத்துக்குத் தமிழில் ‘நீர்வள நிலவளத் திட்டம்’ என்று பெயர். நீர்வளம் இருக்கிறது, நிலவளம் இருக்கிறது. அந்த நிலத்தில் நிற்கிற ஆள் யார் என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பிரதியின் மூலச்சொல் ‘ஆயக்கட்டு’. ஒரு ஏரியோ அணையோ பாய்கிற பரப்பு. திட்டம் இதை எக்டேரில் எண்ணுகிறது. எக்டேர் வைத்திருப்பவர் ‘பயனாளி’. பயனாளிகள் கூடினால் ‘பங்கேற்பு’. 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உண்டாக்கியது. அதில் ஓட்டு, பாசனப் பரப்பில் நிலம் உள்ளவருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர்; அரியலூரில் 23 பேர். தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் சாகுபடி நிலத்தில் நம் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் பங்கேற்பு என்ற சொல்லில் யார் பங்கு, யார் ஏற்பு? நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள், வாய்க்கால் வெட்டுகிறவன் எல்லாரும் இந்தப் பிரதியில் ‘விவசாயக் கூலி’ என்ற புள்ளிவிவரம். உரத்தோடும் விதையோடும் சேர்த்து எழுதுகிற செலவுக் கணக்கு.

என் தாத்தா எங்க ஊர் ஏரிக்கு மடை திறந்தவர். மழை பிடித்துக்கொண்ட ராத்திரிகளில் கரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்பார். மதகு அடைத்துக்கொண்டால் முங்கிப் போய்க் கையால் துழாவி எடுப்பார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த வாய்க்கால் எங்கே கசியும், கலிங்கு எப்போது வழியும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அறுவடை முடிந்தால் களத்தில் அளந்து போடுகிற நெல்தான் கூலி. அந்த நெல்லுக்குப் பெயர் ‘சுதந்திரம்’. ஆமாம், தோழர்களே, சுதந்திரம்! களத்துக்கு வெளியே துண்டை விரித்து வாங்கிய சுதந்திரம். ஊருக்கெல்லாம் தண்ணீர் பகிர்ந்த அந்த மனுசன் ஊர்க் குடிதண்ணீர்க் குளத்தில் கால் வைக்க முடியாது. அப்பாயி குடத்தோடு கரையில் நிற்பாள். யாராவது மொண்டு ஊற்றினால் உண்டு.

மடையைக் காத்தவனும் மடையன், அறிவில்லாதவனும் மடையன். முன்னது மடையிலிருந்து வந்தது, பின்னது மடமையிலிருந்து வந்தது, இரண்டும் வேறு வேர் என்று இலக்கண வகுப்பில் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் ஏச்சு வாங்குகிறவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. இன்று திட்டம் போடுகிறவர்கள் மதகுகளை எண்ணுகிறார்கள். மதகின் அறிவு யாரிடம் இருந்தது என்று ஒரு வரி எழுதுவதில்லை.

இது புது வழக்கமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் வரி கொடுக்காத நிலங்களின் பட்டியல் வரும். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், அவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. விளைச்சல் தராத இடம் என்ற கணக்கில் சேரி அதில் இடம் பிடித்தது. அவமானமான இடம்தான். ஆனாலும் ஆயிரம் வருசத்துக்கு முந்திய அரசனின் கணக்கில் சேரி என்று ஒரு சொல் இருந்தது. நான் பார்த்த வரைபடத்தில் அதுவும் இல்லை, மஞ்சள்தான் இருந்தது.

அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்தில் வெட்டிய சோழகங்கத்தை, இன்றைய பொன்னேரியை, நம் அறிஞர்கள் புகழாத நாள் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிற பொருளில் பாடுகிறது. 16 மைல் கரை இருந்தது என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. 2025இல் அதைப் புனரமைக்க மாநில அரசு நிதி அறிவித்தது. தூர் வாரட்டும், நல்லது. 16 மைல் கரைக்கு மண் சுமந்த தலைகள் எந்தச் செப்பேட்டில் இருக்கின்றன என்று கேட்பதற்கு மட்டும் நமக்கு இடம் வேண்டும்.

சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெரிய அணை வேண்டாம், பழைய ஏரி முறைக்குப் போவோம், குடிமராமத்தை மீட்போம் என்கிறார்கள். 2017இல் அரசும் 100 கோடி ரூபாயில் அதே பெயரில் திட்டம் தொடங்கியது. கேட்க இனிமையான சொல். ஆனால் குடிமராமத்தில் குடி யார், மராமத்து யார் செய்தது? 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புக்கு ஒரு சட்டமே போட்டது. கரை உடைந்தால் ஆட்களை இழுத்து வந்து வேலை வாங்கலாம், வழக்கப்படி செய்ய வேண்டிய ஏரி வேலையைச் செய்யாதவரைத் தண்டிக்கலாம். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி ஏரியைக் காத்தார்கள் என்றால், எங்களைத் தேர் தொட விடாத ஊர்தானே அது? தேரைத் தொடக் கூடாது, ஏரி மண்ணைத் தொடலாம். பழையதை மீட்கும்போது எதை மீட்கிறோம் என்று பார்த்து மீட்க வேண்டும்.

பெரம்பலூர்ப் பக்கம் பாதிக்கு மேல் மேட்டாங்காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இங்கே ஏரியைவிடக் கிணறும் ஆழ்துளையும்தான் பாசனம். மேலே பட்டா யாருக்கோ அடியில் ஓடும் நீரும் அவருக்கே என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற சட்டப் புத்தி. வடிநிலம் முழுவதுக்கும் பொதுவான நிலத்தடி நீர், பட்டா வழியாகத் தனிச்சொத்து ஆகிறது. மோட்டாருக்கு இலவச மின்சாரம், அதுவும் பட்டா வழியாக. நிலமில்லாதவள் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிறாள். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிய குழிகள். ஜெயங்கொண்டத்தில் 1990களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். இழப்பீடு போதாது என்று நிலம் கொடுத்தவர்கள் பல வருசம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்றால் பட்டாக்காரருக்குக் கொடுப்பது. அந்த நிலத்தில் முந்திரி பொறுக்கியும் ஆடு மேய்த்தும் பிழைத்தவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அதற்குக் கணக்கே கிடையாது. கரைவெட்டி ஏரிக்கு 2024இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. அங்கே வருகிற பறவைகளை வருசா வருசம் எண்ணுகிறார்கள். சந்தோசம். எங்களையும் எண்ணுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். இந்தியாவில் ஆற்று வடிநிலத் திட்டம் என்ற எண்ணத்தை அரசாங்கத்துக்குள் வளர்த்தவர்களில் முதன்மையானவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பு. 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அமைப்பை முன்னே வைத்து, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே ஆற்றுத் திட்டமாக்கும் வேலையை அவர் நடத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. நீர்ப் பொறியியல் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. நாமும் அதிகம் சொல்வதில்லை.

அதே அம்பேத்கர்தான் 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்தவர். பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை நமக்குத் திறந்துவிட 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாட் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. குளத்தில் இறங்கினால் அடி விழுந்தது. நீதிமன்றத்தில் தீர்ப்புக் கிடைக்க 1937 ஆயிற்று. நம் திட்டக்காரர்கள் தாமோதரின் அம்பேத்கரைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். மகாடின் அம்பேத்கரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். தாமோதரையும் நான் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவில்லை. அந்த அணைகளில் வீடும் நிலமும் முழுகிப் போனவர்களில் ஆதிவாசிகள் நிறையப் பேர். ஆற்றை மட்டும் முழுசாகப் பார்த்து மனுசரை அரைகுறையாகப் பார்த்தால் அதுதான் நடக்கும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. எந்த வடிநிலத் திட்டத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. நீரின் அளவு எழுத இடம் உண்டு, தரம் எழுத இடம் உண்டு. சாதி எழுத இடமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை. வரைபடத்தில் ஒவ்வொரு சேரியும் பெயரோடு வரட்டும். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் முழுகும், கோடையில் எந்தக் குழாய் முதலில் நிற்கும் என்பதும் வரட்டும். 1892 அரசாணையில் கொடுத்த பஞ்சமி நிலங்கள் எங்கே, இன்று யார் கையில், எந்த மஞ்சளுக்கு அடியில் என்று தனியாக ஒரு நிறம் பூசட்டும். பாசன சங்கத்தில் நிலமில்லாத கூலிப் பெண்ணுக்கும் ஓட்டு வேண்டும். ஏரி மீன், கரை மரம், வண்டல் இவற்றில் பங்கு வேண்டும். சுரங்கக் குழிகளில் மழைநீரைத் தேக்குவது என்றால் அந்த நீர் யாருக்கு என்று முன்னாலேயே எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபோது நான் வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பேனாவை எடுத்து மஞ்சளில் ஒரு கோடு போட்டு எங்க தெருப் பெயரை எழுதினேன். கிழித்திருப்பார்களோ, அப்படியே விட்டிருப்பார்களோ. அடுத்த கூட்டத்துக்கு நான் தனியாகப் போகப் போவதில்லை. நீங்களும் உங்க ஊர்ப் பெயரோடு வாங்க.