இ.ஏ.சி. வழிகாட்டிகளும் அந்த 100 சதவீதமும்

இசை சிடியிலிருந்து பாட்டைப் பிசகில்லாமல் கணினிக்கு எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக இ.ஏ.சி., இன்றைக்கும் நல்ல மென்பொருள். என் புகார் அதன்மேல் இல்லை. புதியவர்களுக்காக எழுதப்படும் அதன் வழிகாட்டிகள் மேல்தான். முப்பது ஸ்க்ரீன்ஷாட் போட்டு, ‘இதை டிக் பண்ணுங்க, அதை எடுத்துடுங்க’ என்று போகும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. ஃப்ளாக் கம்ப்ரஷன் லெவல் 5-ஆ 8-ஆ என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்குவார்கள். எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான், கோப்பின் அளவுதான் கொஞ்சம் மாறும்.

சொல்ல வேண்டியது வேறு. டேட்டா சிடியில் ஒரு செக்டாரின் 2,352 பைட்டில் 2,048 மட்டுமே நம் கோப்பு. மீதியில் பெரும்பகுதி பிழை பிடிக்கவும் திருத்தவும். ஆடியோ சிடியில் 2,352-உம் பாட்டுதான், அந்தக் கூடுதல் காவல் கிடையாது. அடிமட்டத்தில் ஒரு பிழைதிருத்தம் உண்டு. கீறல் அதையும் மீறினால், பல டிரைவ்கள் அக்கம்பக்கத்து மதிப்பை வைத்து உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போய்விடும். கோப்பு வரும், பாட்டும் ஓடும்.

இதைப் பிடிக்கத்தான் இ.ஏ.சி.யின் செக்யூர் மோட். ஒவ்வொரு செக்டாரையும் இரண்டு தடவை படித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் 16 தடவை படித்து, அதில் 8 ஒன்றாக இருந்தால் ஏற்கும். இங்கேதான் சிக்கல். பல டிரைவ்கள் படித்ததை கேஷில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது தடவை கேட்டால் தட்டைத் தொடாமல் அதையே எடுத்து நீட்டும். கூட்டின கணக்கைத் திரும்பக் கூட்டச் சொன்னால், பழைய விடையைப் பார்த்தே ‘சரியா இருக்கு சார்’ என்பது மாதிரி. ‘டிரைவ் கேஷ் செய்கிறது’ என்ற அந்த ஒரு டிக்தான் மற்றதையெல்லாம் தாங்குகிறது. வழிகாட்டிகளில் அது முப்பதில் ஒன்று.

அடுத்தது டிராக் குவாலிட்டி. 99.7 என்று வந்தால் பதறுகிறவர்கள் நிறைய. அது ஒலியின் தரம் இல்லை. சில இடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிழை இல்லை என்று லாகில் இருந்தால் கவலை வேண்டாம். மாறாக, கேஷ் டிக் விட்டுப்போன டிரைவில் வரும் 100-க்கு மதிப்பே கிடையாது. பேர் வைத்தவரைத்தான் இதற்குக் குறை சொல்ல வேண்டும்.

உண்மையான சாட்சி வெளியிலிருந்து வர வேண்டும். அக்யூரேட்ரிப் தரவுத்தளம் அதைத்தான் செய்கிறது: அதே சிடியை வேறு யாரோ, வேறு டிரைவில் எடுத்த செக்சம்மோடு நம்முடையதை ஒப்பிடும். டிரைவ் ஆஃப்செட்டைச் சரி செய்யச் சொல்வது இதற்காகத்தான். என் டிரைவுக்கு +667 சாம்பிள், அதாவது சுமார் 15 மில்லிசெகண்ட். எந்தக் காதுக்கும் தெரியாது. ஆனால் அது தப்பினால் ஒப்பிடவே முடியாது.

வழிகாட்டிகள் இதோடு முடித்துக்கொள்ளும். நம் கதை இங்கேதான் ஆரம்பம். என் அலமாரியில் இருக்கும் பழைய தமிழ்ப் படப்பாட்டு சிடிகளில் பலவற்றைப் போட்டால் ‘தரவுத்தளத்தில் இல்லை’ என்றுதான் வருகிறது. நமக்கு முன்னால் யாரும் எடுத்துப் பதியவில்லை. ஒப்பிட ஆளில்லை என்றால் டெஸ்ட் அண்ட் காப்பி: இரண்டு முறை முழுசாக எடுத்து சிஆர்சி பார்ப்பது. அதிலும் ஒரே டிரைவ் ஒரே கீறலில் ஒரே மாதிரி தப்பு செய்ய வாய்ப்பு உண்டு. அதனால் நான் வேறு மாடல் டிரைவ் ஒன்றை யுஎஸ்பியில் மாட்டி, அதன் ஆஃப்செட்டையும் கொடுத்து, மறுபடி எடுக்கிறேன். இரண்டிலும் சிஆர்சி ஒன்றானால் அந்த சிடி முடிந்தது. ஒரு டிராக் மட்டும் இடித்தால் தட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, வேகத்தைக் குறைத்து, அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுப்பேன். அப்படியும் சேராதவை இரண்டு சிடியில் மூன்று டிராக் இருக்கின்றன. இரண்டு பிரதிகளையும் லாகோடு வைத்திருக்கிறேன், அதே சிடி வேறு யாரிடமாவது கிடைக்கும் வரை.