மூலமும் படியும்

மூல ஓவியத்தைக் கண்டவனே ஓவியத்தைக் கண்டவன். படியைக் கண்டவன் அதன் நிழலைக் கண்டவனே என்னும் கருத்து கலை பற்றிப் பேசுவோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இன்றோ, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் படிகள் இணையத்தின் வழியே கைப்பேசித் திரைக்கே வந்துவிட்டன. கடல் கடந்து செல்லப் பொருளில்லாதவரும் அவற்றை வேண்டும்போதெல்லாம் காண்கின்றனர். இதனைக் கலையின் விடுதலை என்று போற்றுவோர் ஒரு சாரார். கலை மலிந்து போயிற்று என்று வருந்துவோர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளுள் எது பொருந்தும் என்பதை, பொதுவாகப் பேசாமல், ஓர் ஓவியத்தை முன்வைத்து ஆராய்தல் நலம். லியனார்டோ டாவின்சி தீட்டிய 'இறுதி இராவுணவு' அதற்கு மிகவும் ஏற்றது.

சிதைந்த சுவர்

மிலான் நகரில் சாந்தா மரியா டெல்லே கிராத்சியே என்னும் துறவியர் மடம் உள்ளது. அம்மடத்து உணவுக் கூடத்தின் சுவரில், 1495ஆம் ஆண்டுக்கும் 1498ஆம் ஆண்டுக்கும் இடையே, லியனார்டோ இவ்வோவியத்தைத் தீட்டினார். உயரம் ஏறத்தாழ 460 செண்டிமீட்டர். அகலம் ஏறத்தாழ 880 செண்டிமீட்டர். "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக் கொடுப்பான்" என்று இயேசு கூறிய அந்த நொடியில், பன்னிரு சீடரிடையே எழுந்த கலக்கமே ஓவியத்தின் பொருள்.

சுவரோவியர் பொதுவாக ஈரச் சுண்ணத்தின் மீது வண்ணத்தைத் தீட்டுவர். சுண்ணம் உலரும்போது வண்ணம் அதனோடு ஒன்றி நெடுநாள் நிற்கும். ஆனால் அம்முறையில் விரைந்து முடிக்க வேண்டும். எண்ணி எண்ணித் திருத்த இடமில்லை. எண்ணி எண்ணித் திருத்துவதே லியனார்டோவின் இயல்பு. ஆகவே அவர் உலர்ந்த சுவர்மீது தீட்டினார். சுவரின் ஈரம் வண்ணத்தைப் பற்றவிடவில்லை. சில பத்தாண்டுகளிலேயே ஓவியம் உதிரத் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் அதனை நேரிற் கண்ட வசாரி, மங்கிய கறைகளையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்னும் பொருள்பட எழுதினார்.

கேடு அத்துடன் நிற்கவில்லை. 1652இல் அச்சுவரில் வாயில் ஒன்று வெட்டப்பட்டபோது, ஓவியத்தில் இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதி அழிந்தது. 1943 ஆகஸ்டில் விழுந்த குண்டு அக்கூடத்தைத் தகர்த்தது. மணல் மூட்டைகள் அடுக்கிக் காக்கப்பட்டிருந்தமையால் ஓவியச் சுவர் தப்பியது. இருபதாண்டுகளுக்கு மேலாக நடந்த செப்பனிடும் பணி 1999இல் முடிவுற்றது. இன்று அதனைக் காண விரும்புவோர் முன்னரே பதிவு செய்துகொண்டு, சிறு குழுவாக உள்ளே சென்று, 15 நிமிடம் கண்டு திரும்ப வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின், மூலத்தைக் காண்பதே காட்சி என்று கூறுவோரை ஒன்று வினவலாம். 1498இல் லியனார்டோ முடித்துவைத்த ஓவியத்தை இன்று எங்கே காண்பது?

படி காத்த பாதங்கள்

லியனார்டோவின் வழியில் ஓவியம் பயின்ற ஜம்பியெத்ரீனோ என்பார், ஏறத்தாழ 1515க்கும் 1520க்கும் இடையே, இவ்வோவியத்தின் பெரும்படி ஒன்றைத் துணியில் தீட்டினார். இலண்டன் அரச கலைக்கழகம் அதனை 1821இல் வாங்கியது. மூலத்தில் இல்லாத இயேசுவின் பாதங்கள் அப்படியில் உள்ளன. யூதாசின் கை தட்டிச் சாய்த்த உப்புச் சிமிழும் அங்கே தெளிவாகத் தெரிகின்றது. மிலான் சுவரைச் செப்பனிட்டோர், தெளிவின்றிக் கிடந்த இடங்களை அறிதற்கு இந்தப் படியையே துணையாகக் கொண்டனர்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்கு இஃது எளிதில் விளங்கும். மூல ஏட்டைச் செல்லரித்தவிடத்துப் பெயர்த்தெழுதிய ஏடே வழிகாட்டும். ஆனால் பெயர்த்தெழுதிய ஏட்டிலும் குறை உண்டு. ஜம்பியெத்ரீனோவின் படியில் மேற்பகுதி வெட்டுண்டு போயிற்று. மூலத்தில் சீடர்களின் தலைக்குமேல் உயர்ந்து நிற்கும் கூரையை அதில் முழுமையாகக் காண இயலாது. பாதம் படியில் உள்ளது. கூரை மூலத்தில் உள்ளது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவனே லியனார்டோவின் ஓவியத்தை அணுகுகின்றான்.

மிலானுக்கும் இலண்டனுக்கும் இடையே உள்ள தொலைவில், ஒருவன் இரண்டையும் ஒரே நேரத்தில் காணுதல் முன்னர் இயலாத செயல். மூலத்தின் மிக நுண்ணிய படம், 1,600 கோடிப் புள்ளிகள் கொண்டது, 2007இல் இணையத்தில் வைக்கப்பட்டது. இலண்டன் படியின் நுண்படம் 2020இல் வெளிவந்தது. இன்று பள்ளி மாணவன் ஒருவன் இரண்டையும் திரையில் அருகருகே வைத்து, இங்கே இழந்தது எது, அங்கே எஞ்சியது எது என்று தானே கண்டு சொல்ல முடியும். இணையம் கலைக்குச் செய்த பெருந்தொண்டு இந்த ஒப்புநோக்கும் வாய்ப்பே எனலாம். படங்கள் எண்ணிக்கையிற் பெருகியது அதற்கு அடுத்தபடியான நன்மைதான்.

படியினின்று பிறந்த மூலங்கள்

மறுமலர்ச்சிக் கலையே படிகளால் பரவிய கலை என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. இராபேல் வரைந்தவற்றை மார்க்கந்தோனியோ இரைமொண்டி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு நாடெங்கும் பரப்பினார். அவற்றுள் 'பாரிசின் தீர்ப்பு' என்னும் படம் புகழ்பெற்றது. அதற்கு இராபேல் வரைந்த மூலம் மறைந்து போயிற்று, அச்சுப்படம் நின்றது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் மனே, அவ்வச்சுப்படத்தின் ஒரு மூலையில் அமர்ந்திருந்த மூவரின் இருக்கை நிலையை எடுத்து, 1863இல் பாரிசு நகரைக் கலக்கிய 'புல்வெளியில் பகலுணவு' என்னும் ஓவியத்தைப் படைத்தார். மூலம் மறைந்த பின்னரும் அதன் படியிலிருந்து புதியதொரு மூலம் பிறந்தது.

மற்றொரு சான்று இன்னும் சுவையானது. 1848இல் இலண்டனில் மில்லே என்னும் ஓவியரின் இல்லத்தில் சில இளைஞர்கள் கூடினர். ஹண்ட், ரொசெட்டி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். அவர்கள் கையில் இருந்தது, பிசா நகர்க் கல்லறை மண்டபத்துச் சுவரோவியங்களை லாசீனியோ என்பார் செதுக்கி அச்சிட்ட படத்தொகுதி. வண்ணமில்லை, வெறும் கோடுகளே. அந்த மூலச் சுவர்களை அவர்கள் அதுவரை நேரிற் கண்டதுமில்லை. எனினும் அக்கோடுகளில் கண்ட எளிமையும் உண்மையும் அவர்களை ஆட்கொண்டன. இராபேலுக்கு முற்பட்டோர் குழு என்னும் பெயரில் அவர்கள் தொடங்கிய இயக்கம் ஆங்கில ஓவியத்தின் போக்கையே மாற்றியது. அடுத்த ஆண்டில் மில்லே காட்சிக்கு வைத்த 'இசபெல்லா' என்னும் ஓவியத்தில், நீண்ட உணவு மேசையின் இரு புறமும் மாந்தர் பக்கமுகம் காட்டி நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். மேசைமீது உப்பும் சிந்திக் கிடக்கின்றது. பழைய இத்தாலியின் மணம் அதில் வீசுகின்றது. ஆனால் அஃது எந்த இத்தாலிய ஓவியத்தின் படியும் ஆகாது.

1944 சூலையில் போரின் தீ பிசா மண்டபத்தின் கூரையைப் பற்றியது. உருகிய ஈயம் சுவர்களில் வழிந்து, ஓவியங்களைப் பெரிதும் சிதைத்தது. படிகள் ஊரெங்கும் பரவியிருந்தமையால், அச்சுவர்களின் நினைவு சாம்பலோடு போய்விடவில்லை.

காவலும் கட்டணமும்

இவ்வாறு படியால் வாழ்ந்த கலைக்கு, படி எடுப்போர்மீது வழக்குத் தொடுக்கும் காலம் வந்துள்ளது. இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் செல்வச் சட்டம், அரசுக் காட்சியகங்களில் உள்ள பொருள்களின் படத்தை வாணிகத்துக்குப் பயன்படுத்துவோர் இசைவு பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கின்றது. ஓவியர் இறந்து ஐந்நூறு ஆண்டு ஆயினும் இவ்விதி பொருந்தும். வட்டமும் சதுரமும் சூழக் கைகால் விரித்து நிற்கும் மனிதனை லியனார்டோ வரைந்த தாள் வெனிசு நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அப்படத்தைத் துண்டுகளாக்கி இணைத்து விளையாடும் பொருளாக விற்ற ஜெர்மானிய நிறுவனத்துக்கு எதிராக, 2022இல் வெனிசு நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றமோ, இத்தாலியச் சட்டம் இத்தாலியின் எல்லைக்கு அப்பால் செல்லாது என்று தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமைக் கட்டளை, உரிமைக்காலம் கடந்த ஓவியத்தை உள்ளவாறே படமெடுத்தால் அப்படத்துக்குப் புதிய பதிப்புரிமை தோன்றாது என்று கூறுகின்றது.

இத்தாலியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சுவரைக் காப்பதற்குப் பொருள் வேண்டும். பிறர் ஈட்டும் ஊதியத்தில் காப்போர்க்கும் பங்கு வேண்டும் என்பது கேட்கத்தக்க வாதமே. எனினும் காவலன் வேறு, உடையவன் வேறு. களஞ்சியத்தைக் காப்பவன் நெல்லுக்கு உரிமை கொண்டாடினால் ஊர் ஒப்பாது.

இதற்கு வெனிசு நகரமே முன்னொரு வழி கண்டதாக வசாரி கூறும் செய்தி ஒன்று உண்டு. ஜெர்மானிய ஓவியர் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை மார்க்கந்தோனியோ செப்பில் பெயர்த்து, டியூரரின் பெயர்க்குறியையும் சேர்த்தே அச்சிட்டு விற்றார். டியூரர் வெனிசு ஆட்சியாளரிடம் முறையிட்டார். மார்க்கந்தோனியோ இனி டியூரரின் பெயரையோ குறியையோ பொறித்தல் கூடாது என்பதே அவர் பெற்ற தீர்ப்பு. படி எடுப்பதைத் தீர்ப்பு தடுக்கவில்லை. பொய் சொல்வதைத் தடுத்தது. அறிவின் வழியும் இதுவே.

பொய்ப்படியை ஒழிக்கச் சிறந்த வழி மெய்ப்படியைத் திறந்து வைப்பதே என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அரும்பொருளகம் சான்று. அங்குள்ள வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' பதினேழாம் நூற்றாண்டு ஓவியம். அதன் மஞ்சள் பாய்ந்த தவறான படிகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் உலவின. அவற்றையே கண்டு பழகியோர், அரும்பொருளகம் விற்ற சரியான வண்ண அட்டையைப் பொய் என்று ஐயுற்றனர். பின்னர் அவ்வரும்பொருளகம் நல்ல படங்களைத் தானே கட்டணமின்றி வழங்க முன்வந்தது. 2012இல் 1,25,000 படங்களுடன் இணையத்தில் ஒரு பகுதியைத் தொடங்கி, எடுத்து எவ்வாறும் பயன்படுத்துக என்றது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் அதே ஆண்டில் அவ்வழியே சென்றது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரும்பொருளகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களைத் திறந்துவிட்டது.

திரை மறைப்பவை

இத்துணை நன்மை இருப்பினும், திரையில் கண்டதே முழுக்காட்சி என்று மயங்குதல் கூடாது. திரை மூன்றை மறைக்கின்றது.

முதலாவது அளவு. வெனிசுத் தாளின் உயரம் 34 செண்டிமீட்டர் அளவே; மிலான் ஓவியத்தின் அகலமோ 880 செண்டிமீட்டர். கைப்பேசியில் இரண்டும் உள்ளங்கை அகலமே. குன்றும் குன்றிமணியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது இடம். லியனார்டோ தீட்டிய அறை, துறவியர் உண்ட கூடத்தின் தொடர்ச்சிபோல் தோன்றுமாறு அமைந்தது. ஓவியத்தில் ஒளி இடப்புறத்திலிருந்து வருகின்றது. கூடத்தின் பலகணிகளும் அப்புறமே உள்ளன. எதிர்ச்சுவரில் 1495இல் மொந்தோர்பானோ தீட்டிய சிலுவைக் காட்சி நிற்கின்றது. உண்ண அமர்ந்த துறவியர்க்கு ஒருபுறம் விருந்து. மறுபுறம் அவ்விருந்தின் முடிவு. சட்டத்துக்குள் தனித்து நிற்கும் திரைப்படம் இப்பொருளைச் சொல்லாது.

மூன்றாவது சொல். படம் எந்நாட்டுக்கும் செல்கின்றது. அதனை விளக்கும் சொல் ஒரு சில மொழிகளிலேயே நின்றுவிடுகின்றது. யார் தீட்டியது, எதன்மீது, எவ்வளவு, எங்கே உள்ளது, எப்பகுதி பிற்காலத்தவர் கை என்பன தெரியாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவே. தமிழ் வாசகர்க்கு இக்குறை மிகுதி. இதனைக் காட்சியகம் தீர்க்கும் எனக் காத்திருத்தல் வேண்டுவதில்லை. ஓவியத்தைத் திரையில் காட்டும் ஆசிரியர், வகுப்பறைச் சுவரில் 880 செண்டிமீட்டர் அளந்து சுண்ணக்கட்டியால் கோடு இழுக்கட்டும். பல வகுப்பறைகளில் சுவர் போதாமற் போகும். மாணவர் அப்போதே லியனார்டோவின் துணிவை உணர்வர். பின்னர் மூலத்தையும் படியையும் அருகருகே காட்டி, பாதங்கள் எங்கே என்று கேட்கட்டும்.

ஆகவே, கலை மலிந்தது என்று வருந்துவோரும், கலை முழுதும் கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்வோரும் ஒருங்கே பிழைபடுகின்றனர். படி மூலத்துக்குப் பகையன்று. மூலத்துக்கு ஈடும் அன்று. அது தன்னைப் படி என்று உண்மையாகச் சொல்லிக்கொள்ளும்வரை, மூலத்துக்கு அதனினும் நல்ல துணை இல்லை. மிலானில் வாயிலுக்கு இரையான பாதங்களை இலண்டனில் ஒரு மாணாக்கனின் கை இன்றும் காத்து நிற்பதே அதற்குச் சான்று.