குடுவையில் கிடக்கும் ஆழ்கடல்

கொல்லிமலைச் செடி ஒன்றின் பெயரில் ஐயம் வந்தால் தீர்த்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தில், கே. எம். மேத்யூ அடிகளாரின் குழு சேர்த்துவைத்த தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கும் தீரவில்லையென்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அந்தச் செடி பூக்கும் பருவத்தில் சோலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 2019-இல் இந்த மலையின் பெயரையே தாங்கி விவரிக்கப்பட்ட ஹெமிடாக்டைலஸ் கொல்லியென்சிஸ் என்ற பல்லிக்கும் இது பொருந்தும்: பதப்படுத்திய உடல் இருக்கிறது, மரபணுத் தகவல் இருக்கிறது, உயிருள்ள பல்லி பாறையில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. வங்கக் கடலின் ஆயிரம் பாக (ஃபாதம்) ஆழத்திலிருந்து வந்த நட்சத்திர மீனுக்கு இந்த வசதி இல்லை. பல இனங்களைப் பொறுத்தவரை, எரிசாராயத்தில் ஊறும் சில உடல்களே மனிதகுலத்தின் மொத்த அறிவு. அருங்காட்சியக மாதிரியை வைத்து ஆழ்கடல் உயிரைப் படிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒற்றைச் சாட்சி நிலையிலிருந்தே பிறக்கின்றன. சாட்சி எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்று பிரித்தறிந்து கேட்டால் அது பொய் சொல்லாது. பார்க்காததைக் கேட்கும்போதுதான் ஆய்வு தடம் புரள்கிறது.

இந்தியாவுக்கு இந்தச் சாட்சிகளைத் தேடித் தந்தது இன்வெஸ்டிகேட்டர் என்ற கடல் அளவைக் கப்பல். 1881-இல் பம்பாயில் கட்டப்பட்ட அந்தத் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலின் முதன்மைப் பணி கடலோர வரைபடம் தயாரிப்பது. ஆயினும் அதில் மருத்துவரே இயற்கையியலாளராகவும் அமர்த்தப்பட்டார். 1888 முதல் 1892 வரை அப்பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக், இழுவலையில் வந்த ஆழ்கடல் நட்சத்திர மீன்களை 1893-இல் விவரித்தார். அதே ஆண்டில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரும் ஆனார். கப்பலேறாத ஒருவர், பிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் ரெனே கோலர், அதே சேகரிப்பிலிருந்த பாம்பு நட்சத்திரங்களைப் பற்றி 1899-இலும் நட்சத்திர மீன்களைப் பற்றி 1909-இலும் பெரிய நூல்களை எழுதினார். பிரிட்டனின் புகழ்பெற்ற சேலஞ்சர் கடலாய்வுப் பயணம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியைக் கடந்து போனதே தவிர வங்கக் கடலுக்குள் வரவில்லை. ஆகவே நம் கடலடி பற்றிய அடிப்படை ஏடு இன்வெஸ்டிகேட்டரின் குடுவைகள்தான். காலனிக் காலச் சேகரிப்புகள் பல மொத்தமாகக் கடல் தாண்டிப் போனபோது, இதன் பெரும்பகுதி கல்கத்தாவிலேயே தங்கி, 1916-இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கைக்கு வந்தது. நமக்குக் கிடைத்த பெரிய பேறு இது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

இந்த உடல் எதற்கு நம்பகமான சாட்சி? நட்சத்திர மீனின் தோலுக்கடியில் சுண்ணாம்புத் தகடுகள் வரிசை வரிசையாகப் பொருந்தியிருக்கின்றன. உருப்பெருக்கியின் கீழே கையின் ஓரத்தகடுகள் எத்தனை, அவற்றின் மேல் உள்ளவை மணிகளா முட்களா, குழாய்க்கால் பள்ளத்தை ஒட்டிய தகடுகளில் முட்கள் ஒற்றை வரிசையா இரட்டையா, சிறு இடுக்கிகள் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். இனத்தைப் பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் இங்கேதான். நூறாண்டு கழிந்தாலும் இவை மாறுவதில்லை. ஆல்காக் கவனிக்காத ஒரு முள்ளை இன்றைய மாணவர் அதே உடலில் காணலாம். அவர் எழுதியது தவறென்றால் அதே உடலைக் காட்டி மறுக்கலாம். ஓர் அறிவியல் கூற்றை, சொன்னவர் மறைந்த பின்னும் இப்படி நேருக்கு நேர் சோதிக்க முடிவது எளிதில் வாய்க்காத ஒன்று.

வாழ்க்கையைக் கேட்டால் நிலைமை தலைகீழ். எரிசாராயம் நிறத்தை முதலில் உறிஞ்சிவிடும். செந்நிறமும் ஆரஞ்சும் வெளிறிய பழுப்பாகிவிடும். உலர்த்திய உடலில் தகடுகள் தெளிவாகத் தெரியும், ஆனால் குழாய்க்கால்களும் இரைப்பையும் சுருங்கிக் காணாமல் போகும். அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலின் அந்தத் தகடுகளையே அரித்துவிடும். வலை செய்யும் சேதம் இதைவிடப் பெரிது. பிரிசிங்கா வகை நட்சத்திர மீன்களுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட நீண்ட, மெல்லிய கைகள் உண்டு. மேலே வருவதற்குள் அவை ஒடிந்துவிட, கையில் கிடைப்பது வட்டத்தட்டும் துண்டுகளும்தான். ஆல்காக்குக்கு முன் இந்திய அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த வுட்-மேசனும் ஆல்காக்கும் 1891-இல் அந்தமான் பெயரிலும் வங்கத்தின் பெயரிலும் விவரித்த பிரிசிங்காக்களை எத்தனை முறை அளந்தாலும் ஒரு செய்தி கிடைக்காது: இந்த உயிர் கைகளை நீரோட்டத்தில் மேலே தூக்கி விரித்து, மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பிடித்து உண்கிறது. அதை ஆழ்கடல் ஒளிப்படங்கள்தான் காட்டின. குடுவைக்குள்ளிருக்கும் சீட்டும் முழு உண்மை பேசுவதில்லை. அது ஓர் இடத்தையும் ஓர் ஆழத்தையும் குறிக்கிறது. வலையோ நெடுந்தொலைவு தரையைத் துழாவி, சேற்றில் வாழ்ந்ததையும் கல்லில் ஒட்டியிருந்ததையும் ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறது.

சில உடல்களை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் டெய்சி நல்ல சான்று. நியூசிலாந்துக்கு அருகே ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கிக் கிடந்த மரத்துண்டுகளில் கிடைத்த, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கைகளற்ற வட்ட உயிர் அது. 1986-இல் அதற்கு சைலோபிளாக்ஸ் என்று பெயரிட்டு, முட்தோலிகளில் தனி வகுப்பே உருவாக்கினார்கள். பின்னர் வேறு கடல்களிலிருந்தும் மாதிரிகள் கிடைத்தன. மரபணுவையும் சேர்த்துப் பார்த்த 2011 ஆய்வு, அது நட்சத்திர மீன்களுக்குள்ளேயே அடங்கும் என்றது. இதை அருங்காட்சியக முறையின் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடலமைப்பின் விந்தையை உறவுமுறையின் தொலைவாகப் படித்ததுதான் பிழை. உடல்கள் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் விவாதம் தொடர முடிந்தது.

இன்று எதிர்வாதம் வேறு பக்கமிருந்து வருகிறது: தொலைவியக்கக் கருவிகளும் தெளிவான கேமராக்களும் இருக்கும்போது மெதுவாக வளரும் அரிய உயிரைக் கொன்று குடுவையில் போடுவானேன்? இதில் அறம் இருக்கிறது. வலையை வீசி அகப்பட்டதையெல்லாம் அள்ளுவதற்கு இன்று நியாயம் இல்லை. ஆனால் கேமரா முதுகைக் காட்டும், வாய்ப்புறத்தைக் காட்டாது. பெயரைத் தீர்மானிக்கும் முட்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அமெரிக்காவின் ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பல் வட அட்லாண்டிக்கில் எடுத்த காட்சிகளிலிருந்து நட்சத்திர மீன்கள் எவற்றை இரையாக்குகின்றன என்று 2020-இல் நட்சத்திர மீன் ஆய்வாளர் கிறிஸ்டோபர் மா எழுத முடிந்ததற்கு, அருங்காட்சியக உடல்களில் அவர் பெற்ற நீண்ட பயிற்சியும் காரணம். மரபணு மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். உடலோடு பிணைக்கப்படாத மரபணு வரிசையில் பெயர் தவறாக இருந்தால், எதைப் பார்த்துத் திருத்துவது?

இந்த வாதம் நமக்கு அவசரமானது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், கடலடியில் கிடக்கும் உலோக முண்டுகளை ஆராய இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின்கீழ், சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மனிதர்களைச் சுமந்து 6,000 மீட்டர் இறங்கும் மத்ஸ்யா நீர்மூழ்கியை உருவாக்குகிறது. அங்கே தோண்டுவதற்கு முன் என்ன வாழ்கிறது என்று தெரிய வேண்டும். எனவே ஒவ்வோர் இறக்கத்திலும் உயிர் இருந்த இடத்திலேயே எடுத்த படம், இயந்திரக் கை தேர்ந்தெடுத்த ஓரிரு உடல்கள், தூய எரிசாராயத்தில் தனியாக வைத்த திசுத்துண்டு ஆகிய மூன்றும் ஒரே எண்ணின் கீழ் மேலே வர வேண்டும். அவற்றை ஒப்பிடக் கொல்கத்தாவின் பழைய குடுவைகளையும் திறக்க வேண்டும். எங்கே தொடங்கலாம் என்றும் சொல்ல முடியும். வட அட்லாண்டிக்கில் ஒரே இனமாகக் கருதப்பட்ட ஜோரோஆஸ்டர் ஃபுல்ஜென்ஸ் என்ற நட்சத்திர மீன், வெவ்வேறு ஆழங்களில் தமக்குள் கலக்காத மூன்று வடிவங்களாகப் பிரிந்திருப்பதை 2004-இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆல்காக் 1893-இல் நம் கடலிலிருந்து அதே பேரினத்தில் கரினாட்டஸ், ஆல்ஃபிரடி என்று இனங்களைப் பிரித்திருக்கிறார். அவற்றைப் பிரிப்பதும் ஆழம்தானா, அல்லது ஒரே பெயருக்குள் இன்னும் பல ஒளிந்திருக்கின்றனவா என்று அறிய, அந்தக் குடுவைச் சீட்டுகளில் பாகக் கணக்கில் எழுதப்பட்ட ஆழத்தையும் புதிய திசுவையும் அருகருகே வைத்தாக வேண்டும்.