முற்றுப்பெறாத தோம்பும் உம்மா கீறிய வீடும்

பழைய காணி உறுதிகளைப் புரட்டியவர்களுக்குத் 'தோம்பு' என்ற சொல் புதிதல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். ஒல்லாந்தர் காலத்தில் காணிப் பதிவேட்டின் பெயராக யாழ்ப்பாணத் தமிழில் ஊன்றிவிட்டது. காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு, சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் தோம்பில் இருக்கும். வரி அறவிடுவதற்காக எழுதிய ஏடு அது. அந்த வளவில் யார் பிறந்தார், யார் மௌத்தானார் என்பதற்கு அதில் இடம் கிடையாது.

ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளிவந்த தனது கலைநூலுக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்: 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முற்றுப்பெறாத தோம்பு. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அதை வெளியிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர் சனாதனன். போரால் வீட்டை இழந்த தமிழ் பேசும் மக்களின் வீடுகளே இந்நூலின் பொருள். நூலின் அமைப்பும் அரச அலுவலகக் கோப்பை நினைவூட்டும்.

கதை சொல்லும் ஓவியம் என்றதும் ஒரு நிகழ்ச்சியைக் காட்டும் படமே நம் மனதில் வரும். பதினாறாம் நூற்றாண்டில் அக்பருக்காக வரைந்த ஹம்ஸா நாமா ஏடுகள் அத்தகையவை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் கதை. சனாதனனின் வழி வேறு. அவர் போர்க்களத்திலிருந்து தொடங்கவில்லை. வீட்டுப் படத்திலிருந்து தொடங்குகிறார். வீட்டுக்காரர் தன் நினைவிலிருந்து கீறிய படம் ஒன்று. அதையே கட்டடக்கலைஞர் முறைப்படி மீள வரைந்த படம் இன்னொன்று. சனாதனன் உலர் பாஸ்டலால் வரைந்த ஓவியம் மூன்றாவது. இவற்றோடு வீட்டுக்காரர் சொன்ன சிறு கதையும் இருக்கும்.

இந்த மூன்று படங்களில் எதுவும் தனியாகக் கதை சொல்வதில்லை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கதை இருக்கிறது என்பது என் வாசிப்பு. நினைவிலிருந்து கீறுபவரின் கையில் அளவுகோல் இல்லை. பிரியமான இடம் பெருக்கும், பிரியமில்லாத அறை சுருங்கும், வெட்டிய மாமரமும் முற்றத்தில் நிற்கும். கட்டடக்கலைஞர் வந்து சுவரை நேராக்குகிறார், கோணத்தைச் சரிசெய்கிறார். அவர் திருத்திய ஒவ்வொரு கோட்டிலும் வீட்டுக்காரரின் மனம் எங்கே சாய்ந்திருந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

இதை நான் நூலைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகதெருவே வெறிச்சோடியது. அப்போது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் ஒரு நாள், என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் உம்மா எங்கள் வீட்டைக் கீறினா. விறாந்தை, நடு அறை, குசினி, கிணற்றடி. மதிலில் இருந்த சின்னக் கதவையும் விடவில்லை. தெருவுக்கு இறங்காமலே பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த கதவு அது. ஒரு அறைக்குள் 'வாப்பும்மா இத்தா இருந்த அறை' என்று எழுதினா. தாளின் மேல்பக்கத்தில் 'கிப்லா' என்று போட்டா.

"உம்மா, படத்துல மேல்பக்கம் வடக்குத்தானே வரணும்?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

"எனக்கு வடக்குத் தெரியாது மகள். எந்தப் பக்கம் பார்த்துத் தொழுதனாங்க எண்டு தெரியும்" என்றா.

பல வருடங்களுக்குப் பிறகு சனாதனனின் நூலைக் கையில் எடுத்தபோது அந்தக் கொப்பித் தாள்தான் ஞாபகம் வந்தது. ஒரு கட்டடக்கலைஞரிடம் அதைக் கொடுத்திருந்தால் முதலில் வடக்குக் குறியைப் போட்டுத் தாளைத் திருப்பியிருப்பார். இத்தா இருந்த அறை 'படுக்கையறை' ஆகியிருக்கும். திருத்திய படத்தோடு மூலக் கோட்டையும் அருகில் வைத்ததுதான் இந்தக் கலைஞரின் நேர்மை.

எனக்கு இரண்டு குறைகள் தோன்றுகின்றன. ஒன்று, பாஸ்டல் ஓவியங்கள் சில இடங்களில் வீட்டுக்காரரின் கோட்டைவிட உரக்கப் பேசுகின்றன. கலங்கிய கோடே போதுமானதாக இருக்கும்போது ஓவியரின் உருவகம் மேலதிகமாகப் படுகிறது. இரண்டாவது, இன்னும் பாரதூரமானது. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லின் கீழ் எல்லா வீடுகளும் ஒரே கோப்புக்குள் வருகின்றன. ஷெல்லுக்குப் பயந்து ஓடியதும், ஒரே மொழி பேசியவர்களே ஒலிபெருக்கியில் போகச் சொன்னதும் ஒன்றா? இழந்த வீட்டின் வலி ஒன்றுதான். இழந்த விதம் வேறு. இடம்பெயர்வு, வெளியேற்றம் என்ற இரண்டு சொற்களையும் பிரித்து வைக்க ஒரு தோம்புக்குத் தெரிய வேண்டும்.

ஆனாலும் 'முற்றுப்பெறாத' என்ற பெயர் எங்களுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் காணிகளுக்கு நடந்ததைப் பாருங்கள். பத்து வருடம் இடையூறின்றி ஆண்டவருக்கே காணி என்பது இந்நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம். நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் வெளியே இருந்தோம். எங்கள் போன்றவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் காணிக்கான உரிமையை நீதிமன்றத்தில் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. அதற்குள் எத்தனையோ வளவுகள் கிடைத்த விலைக்குக் கைமாறிவிட்டன. நீதிமன்றத்துக்கு உறுதி வேண்டும், நில அளவையாளரின் படம் வேண்டும். உம்மாவின் கொப்பித் தாள் அங்கே செல்லாது. அது செல்லுபடியாகும் இடம் ஒன்றை இந்தக் கலைநூல் உண்டாக்கியிருக்கிறது.

எங்களிடம் கவிதை உண்டு, சிறுகதை உண்டு, அறிக்கைகள் உண்டு. படம் குறைவு. உருவம் வரைவதில் எங்களுக்குள்ள தயக்கமும் அதற்கு ஒரு காரணம். வீட்டுப் படத்தில் உருவமே இல்லை. வெறும் கோடும் பெயரும்தான். யாருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது.

வெளியேறும்போது நாற்பது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். பலர் மௌத்தாகிவிட்டார்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிற மூத்தவர்களிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கீறி முடியும் வரை பக்கத்தில் இருங்கள். சுவர் கோணலாக வந்தால் திருத்த வேண்டாம். எந்த அறையில் யார் இருந்தார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உம்மாவின் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து, கிணற்றடி பாதி அழிந்துவிட்டது. அந்த வளவில் இன்று வேறொரு வீடு நிற்கிறது. கிணறு மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.