படைக்கு அழைத்தலும் பிடித்தலும்: புறநானூற்றிலிருந்து வன்னி வரை

சாரல் வலுத்திருந்த ஆனி மாத முற்பகலொன்றில் நண்பர்கள் சிலர் ஐந்தருவியில் கூடியிருந்தோம். நீர்வரத்து மிகுந்ததால் குளிக்கத் தடை விதித்திருந்தார்கள், பேச்சுக்குத் தடையில்லை. தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்டு சிங்கப்பூரில் வாழும் பெரியவர் ஒருவரும் உடன் வந்திருந்தார். மகன் ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது, ரிசர்வ் பயிற்சிக்கு அழைப்பு வந்துவிட்டது என்றார். குரலில் பெருமிதமும் இல்லை, குறையும் இல்லை. நம்முள் ஒருவர் தமிழாசிரியர். அவருக்கு உடனே ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டுத் தாய் நினைவுக்கு வந்துவிட்டாள். ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய அந்தத் தாயின் கதையை அவர் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டார்: "அந்தம்மாட்ட யாராவது கேட்டாகளா வாத்தியாரே? இல்ல, பறை சத்தம் கேட்டதும் தானா அனுப்பிட்டாளா?"

இக்கேள்வியை நாம் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பற்றித் தமிழில் பேசப்பட்டது மிகுதி. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த நாள்முதல் மேடைகளிலும் பாடநூல்களிலும் அத்தாய் தமிழ் வீரத்தின் உருவமாகவே நிறுத்தப்பட்டாள். அவளைப் படைக்கு ஆள் கேட்கப்பட்ட ஒரு வீட்டின் தலைவியாக எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

பாடலின் செய்தி நாம் அறிந்ததுதான். முன்னொரு நாள் நடந்த போரில் அவளுடைய தமையன் (தந்தை என்று கொள்வாரும் உளர்) யானையை வீழ்த்திக் களத்திலே மாய்ந்தான். நேற்று நடந்த போரில் ஆநிரை காத்து நின்ற கணவன் மடிந்தான். இன்று மீண்டும் பறை ஒலிக்கிறது. எஞ்சியிருப்பவன் ஒரே மகன். அவன் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள்.

இதைச் சொல்பவள் தாய் அல்லள் என்பதே நமது வாசிப்பின் தொடக்கம். கண்டோர் ஒருவர் சொல்கிறார். அவர் வாயிலிருந்து முதலில் வருவது வாழ்த்தன்று. அவள் சிந்தை கெடட்டும் என்னும் வசைமொழி. பழிப்பது போலப் புகழ்வதாக இதைக் கொள்வதே உரைமரபு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புகழ்வதற்கு வேறு சொல்லே கிடைக்காமலா புலவர் இச்சொல்லை எடுத்தார்? பார்த்து நின்றவரின் நெஞ்சு நடுங்கியதையும் சேர்த்துத்தான் அச்சொல் சுமக்கிறது. பறையொலி கேட்ட அத்தாயின் நிலையைக் கூறும் இடத்தில் விருப்பத்தோடு மயக்கத்தையும் இணைத்தே புலவர் சொல்கிறார். மேடைத் தமிழ் விருப்பத்தை எடுத்துக்கொண்டது, மயக்கத்தை விட்டுவிட்டது. ஒரு பாடலைப் பாதியாக நறுக்கி முழக்கமாக்கும் கலையில் நம்மவர் தேர்ந்தவர்கள்.

பொன்முடியாரின் 312ஆம் பாடலுக்கும் இதே கதி நேர்ந்தது. பெறுவது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன், வேல் வடிப்பது கொல்லன் கடன் என்று அடுக்கிச் செல்லும் அப்பாடலில் வேந்தனுக்கும் ஒரு கடன் உண்டு. அக்கடன் எது என்பதில் பாடவேறுபாடு இருக்கிறது. 'நன்னடை' என்பது ஒரு பாடம்; நல்லொழுக்கம் கற்பிப்பது என்று பொருள்படும். 'தண்ணடை' என்பது மற்றொரு பாடம். மருதநிலத்து ஊர்களை வழங்குவது என்று பொருள்படும். இரண்டாவதைக் கொண்டால் பாடலின் நிறமே மாறுகிறது. உயிரைக் கேட்கும் அரசன் நிலம் கொடுத்துக் கேட்கிறான். அங்கே ஓர் உடன்படிக்கை இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நெற்கட்டும்செவல், சொக்கம்பட்டி, சிவகிரி என இம்மலையடிவாரத்துப் பாளையங்களின் படைகள் நிலமானியம் பெற்ற குடிகளிலிருந்தே திரண்டன. கான்சாகிபு யூசுப்கானை எதிர்த்துப் பூலித்தேவர் பக்கம் நின்ற உழவன் வீரன்தான்; கூடவே, வர மறுத்தால் வயலை இழக்க நேரிடும் என்பதை அறிந்தவனும்கூட. கட்டாயம் என்பது எப்போதும் துப்பாக்கி முனையில்தான் வரவேண்டும் என்பதில்லை.

பொன்முடியாரின் பட்டியலில் கடைசிக் கடன் இளைஞனுடையது. யானையை வீழ்த்துவதோடு அது முடிவதில்லை. வீழ்த்தி மீள்வதே அவன் கடன். மீளுதல் என்ற அச்சொல்லைக் கேட்டவர் எத்தனை பேர்?

நவீனத் தமிழில் போரை விரிவாக எழுதிய முதல் பெருநாவல் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). அதன் நாயகன் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் தானே விரும்பிச் சேர்கிறான். சாகசமும் எள்ளலும் நிறைந்த அந்நாவல் நமக்கு மிகவும் உவப்பானது. ஆனால் அதே ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஜப்பானியர் திரட்டிச் சென்ற பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் பாண்டியனைப் போன்றவர்கள் அல்லர். சேர்ந்தவனுக்குக் கதாநாயகப் பெயர் கிடைத்தது. சேர்க்கப்பட்டவர்கள் கூட்டமாகவே நின்றுவிட்டனர்.

சேர்க்கப்பட்டவனுக்குத் தமிழில் ஒரு சொல் கிடைத்தது ஈழத்தில். 1989இல் இந்திய அமைதிப்படை வெளியேறத் தொடங்கிய நாட்களில், வடக்கு–கிழக்கு மாகாண ஆட்சியிலிருந்த தரப்பு 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரில் இளைஞர்களை வீதிகளில் மடக்கிப் பிடித்துச் சேர்த்தது. பின்னர் 2006 முதல் 2009 வரை வன்னியில் விடுதலைப்புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்ற விதியைக் கட்டாயமாக்கினர். போரின் இறுதிக் கட்டத்தில் 14 வயதுச் சிறாரும் சேர்க்கப்பட்டதாக ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் பதிவுசெய்தது. அரசுப் படைகள் பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் எறிகணை வீசியதைக் கூறும் அதே அறிக்கைதான் இதையும் கூறுகிறது. இயக்கம் இதற்கு வைத்த பெயர் 'ஆட்சேர்ப்பு'. தாய்மார்கள் வைத்த பெயர் 'பிள்ளைபிடி'. குழந்தைகளை மிரட்டச் சொல்லப்பட்டுவந்த பழைய சொல் அது. மாசாத்தியாரின் தாயை முன்னிறுத்திய சொற்பொழிவுகள் அனைத்தையும் அந்த ஒற்றைச் சொல் வெறுமையாக்கிவிட்டது.

தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) இவ்விடத்தில் முக்கியமாகிறது. 1991இல் இயக்கத்தில் சேர்ந்து மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக உயர்ந்தவர். 2009க்குப் பின் சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டவர். 2015 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்தார். நூல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்ததால் அதன் நம்பகத்தன்மை குறித்து எழுந்த சர்ச்சைகளை வாசகர் அறிவர். அவற்றைக் கருத்திற்கொண்ட பின்னும் நூலின் பெறுமதி குறையவில்லை என்பதே நமது கணிப்பு. கேட்கப்பட்ட வீட்டிலிருந்து அல்ல, கேட்கச் சென்றவர்களின் அணியிலிருந்து வந்த குரல் அது. கட்டாய ஆட்சேர்ப்பு மக்களையும் இயக்கத்தையும் பிரித்த பிளவு என்பதை அவர் மறைக்கவில்லை. தாமும் அதில் பொறுப்பாளி என்ற குற்றவுணர்வையும் ஒளிக்கவில்லை. தமிழில் அதிகாரத்தின் பக்கம் நின்ற ஒருவர் இவ்வாறு எழுதுவது அரிது. அதே வேளையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நூலின் பார்வை பெரிதும் இயக்கத்தின் வீழ்ச்சியைப் பற்றியது. பிடிபட்ட பையன் எவனும் நினைவில் நிற்கும் மனிதனாக நம்முன் வந்து நிற்பதில்லை. அந்தப் பையனை எழுத வேண்டிய கடன் நாவலாசிரியர்களுடையது.

இது யாருடைய கதை என்று நம் வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். வடமாகாண முஸ்லிம்களை 1990 அக்டோபரில் ஒட்டுமொத்தமாக வெளியேற்றியவர்கள் பின்னாளில் தம்மவரின் வாசலில் போய் நின்றார்கள், அவ்வளவுதானே என்ற மனக்கசப்பு புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் விமர்சனம் அக்கசப்பில் தங்கிவிட முடியாது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவனும் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவனும் ஒரே அதிகாரத்தின் இரு கைகளை அறிந்தவர்கள். இருவரையும் ஒரே நாவலில் வைத்துப் பார்க்கும் எழுத்தாளனையே நாம் எதிர்பார்க்கிறோம்.

நம் மரபில் இதற்கு அளவுகோல் உண்டா என்றால், உண்டு. உஹதுப் போரின்போது 14 வயதினராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள்; அகழ்ப்போரின்போது 15 வயதில்தான் ஏற்றார்கள். போருக்கு அனுமதி வேண்டி வந்த ஒருவரிடம் பெற்றோர் உயிருடன் உள்ளனரா என வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு அனுப்பிவைத்தார்கள். நலிந்தோர், நோயாளிகள், செலவுக்கு வழியற்றோர் மீது குற்றமில்லை என்கிறது அத்தவ்பா அத்தியாயம். அதே அத்தியாயம், அனைவரும் ஒருசேரப் புறப்பட்டுவிடலாகாது, ஒரு சாரார் மார்க்க அறிவு பெற வேண்டும் என்றும் கூறுகிறது. பகைவர் ஊரையே சூழ்ந்துகொண்டால் இவ்விலக்குகள் சுருங்கும் என்பதையும் சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளனர். நாம் கவனிக்க வேண்டியது, யாரை அழைக்கலாம் என்பதற்கு நிகராக, யாரை அழைக்கலாகாது என்பதும் அங்கே பேசப்படுகிறது என்பதையே.

முஸ்லிம் ஆட்சியாளர்கள் இதைப் பேணினார்களா என்று கேட்டால் விடை கசப்பானது. 1820களில் எகிப்தின் முஹம்மது அலி உழவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தபோது, அதிலிருந்து தப்ப அவர்கள் தம் விரல்களைத் தாமே வெட்டிக்கொண்டார்கள், கண்களைக் குருடாக்கிக்கொண்டார்கள். 1914இல் உதுமானியப் பேரரசு செய்த படைத்திரட்டு, 'ஸஃபர் பர்லிக்' என்ற பெயரில் சிரியா, லெபனான் மக்களின் நினைவில் பஞ்சத்தோடும் பிரிவோடும் உறைந்துவிட்டது. ஃபைரூஸ் நடித்து 1967இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரும் அதுவே. மக்கள் இட்ட சொல்லை அரபுக் கலைஞர்கள் கீழே விடவில்லை.

அழைக்கப்படுவதைப் போலவே அழைக்கப்படாமல் விடப்படுவதும் ஒரு கதைதான். மேற்சொன்ன அத்தியாயத்திலேயே, ஏறிச் செல்ல வாகனம் கிடைக்காமல் கண்ணீரோடு திரும்பியோரைப் பற்றிய குறிப்பு வருகிறது. சிங்கப்பூர் 1967இல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியபோது, முதல் சில ஆண்டுகளில் மலாய் இளைஞர்களுள் பெரும்பாலோர் அழைக்கப்படவில்லை. சேவை முடித்தவர்களையே முதலாளிகள் விரும்பியதால் அவர்களுக்கு வேலையும் எட்டாமல் போனது. இதற்கு நேர்மாறான கொடுமை மியான்மரில் நிகழ்ந்தது. 2024 பிப்ரவரியில் இராணுவ ஆட்சி கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குடியுரிமை மறுக்கப்பட்ட ரோஹிங்யா இளைஞர்களை அதைக் காட்டி முகாம்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் பிடித்துச் சென்றது. குடிமகன் அல்லன் என்பதற்கும் படைக்கு வா என்பதற்கும் இடையே நிற்கும் அந்த இளைஞனுக்குப் புறத்திணையில் துறை எதுவும் இல்லை.

தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறிய குடும்பங்கள் தஞ்சோங் பகாரில் குடியேறி, 1946இல் உமறுப்புலவர் பெயரால் பள்ளியும் கண்டன. அவர்களின் பேரன்மார் 18 வயதில் சீருடை அணிகிறார்கள். போரில்லாக் காலத்துச் சேவைதான். வன்னியோடு அதை ஒப்பிடுவது அறிவீனம். எனினும் சட்டம் கேட்கும் வீட்டில் தாயின் மனம் எப்படியிருக்கும் என்பதை இம்மலையடிவாரத்து உறவுகள் தொலைபேசியில் கேட்டே அறிந்திருக்கின்றன. அது நம் எழுத்துக்குள் வர வேண்டும்.

பெரியவரின் கேள்விக்கு ஆசிரியர் அன்று அருவிக்கரையில் விடை சொல்லவில்லை. மாலையில் தென்காசிக்குத் திரும்பும் வழியில் பொன்முடியாரின் பாடலை மட்டும் இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாக யானையில் நின்று பாடத்தை முடித்துவிட்டதாகவும், இனி வகுப்பில் கடைசி அடியில் மீளும் அந்த இளைஞனோடு சற்று நேரம் நிற்கப்போவதாகவும் சொன்னார்.