பழுப்பு ஒரு குறையில்லை

பழைய சீனப் பூ-பறவை ஓவியங்களுக்கு ஏலக் குறிப்பில் ‘நல்ல நிலை, வண்ணம் பளிச்’ என்று போட்டிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பட்டு நாளாக நாளாகப் பழுக்கத்தான் செய்யும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பேரரசர் ஹுயிசோங்கின் ஐவண்ணக் கிளி இருக்கிறதே, அதன் 12ஆம் நூற்றாண்டுப் பட்டும் பழுப்புதான். அதற்காக அதை யாராவது கழித்துக் கட்டினார்களா?

உண்மையான இழப்பு முதுகுப் பக்கத்தில் நடக்கிறது. பட்டில் வரைகிறவர்கள் பின்புறமும் வண்ணம் பூசுவதுண்டு. வெள்ளை இதழ்கள் கனமாகத் தெரிவது பல படங்களில் அதனால்தான். படத்தைப் புதுத்தாளில் மாற்றி ஒட்டும்போது பழைய தாளை அவசரமாக உரித்தால், அந்த வண்ணமும் அதோடு வந்துவிடும். முன்பக்கக் கோடு அப்படியே இருக்கும், பூ மட்டும் சோகை பிடித்த மாதிரி நிற்கும். குறிப்பு எழுதுகிறவர் கோட்டைப் பார்த்துவிட்டு ‘நல்ல நிலை’ என்று எழுதிவிடுவார்! இலையின் மாலகைட் பச்சை கல்லை அரைத்த தூள். பசை செத்தால் உதிரும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒட்டுப்போட்ட பட்டின் நெசவு தனியாகத் தெரியும். அந்த ஒட்டின் மேலேயும் இறகுக் கோடு நிற்காமல் ஓடுகிறதா? அப்படியானால் அந்த இடத்தில் வரைந்தது பின்னால் வந்த வேறொரு கை. குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்க.